பயனும் படிமமும்: மோட்டார் காரை முன்வைத்து ஒரு நோக்கு

மோட்டார் கார் மனிதரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்கென ஆக்கப்பட்ட ஒரு பொறி. இவ்வரைவிலக்கணம் பிழையானதன்று, ஆனால் போதாதது. பொறியொன்றை வாங்க முற்படுபவன் அதன் விலை, எரிபொருட் செலவு, திருத்த வேலைக்குள்ள வசதி, தன் தேவைக்கு அது போதுமா என்பது ஆகியவற்றைக் கணக்கிட்டே முடிவுக்கு வருவான் எனப் பொருளியற் பாடநூல்கள் எதிர்பார்க்கின்றன. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை வாங்கும் கமக்காரன் பெரும்பாலும் அவ்வாறே செய்கிறான். மோட்டார் காரை வாங்குபவன் அவ்வாறு செய்வது அரிது. பிள்ளைகுட்டிக்காரன் இரு கதவுகள் மட்டுமே உள்ள வண்டியின் முன்னே நெடுநேரம் நிற்கிறான். நகர வீதியை விட்டு ஒருநாளும் இறங்காதவன் மலையேறும் வண்டியை வாங்குகிறான். மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற் செல்ல அனுமதியில்லாத நாட்டில், அதனிலும் இருமடங்கு வேகத்தில் ஓடவல்ல எஞ்சினுக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. அப்பணமும் பல வேளைகளிற் கடன்பட்ட பணம்.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று ஒழுக்கவாதியின் விளக்கம்: மனிதனின் வீண்பெருமையே காரணம் என்பது. மற்றது விளம்பரத்தைக் குற்றஞ்சாட்டும் விளக்கம்: மக்கள் ஏமாற்றப்படுகின்றனர் என்பது. முன்னது வாங்குபவனைப் பழிக்கிறது. பின்னது விற்பவனைப் பழிக்கிறது. ஆயின் இரண்டுக்கும் அடிப்படையான எடுகோள் ஒன்றே. பயன்பாடு என்று உண்மையான ஒன்று உண்டு, படிமம் என்று பொய்யான ஒன்று உண்டு, இரண்டையும் உமியையும் அரிசியையும் போலப் பிரித்துவிடலாம் என்பதே அவ்வெடுகோள். கவிதைத் திறனாய்விற் பழகிய ‘படிமம்’ என்னும் சொல் இங்கு, ஒரு வண்டி தன் உடைமையாளனைப் பற்றிப் பிறருக்கும் அவனுக்குமே எழுப்பிக் காட்டும் தோற்றத்தைக் குறிக்கிறது. மிடுக்கு, நாகரிகம், இளமை, துணிவு என்றெல்லாம் பேச்சு வழக்கிற் சுட்டப்படுவன அதன் வெவ்வேறு முகங்களே. உமியும் அரிசியும் என்ற இந்த எடுகோள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, மோட்டார் கார் முதன்முதலில் வெகுசனப் பண்டமாகிய ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வது தகும்.

1908 இல் ஹென்றி போர்ட் வெளியிட்ட ‘மொடல் ரீ’ வண்டி பயன்பாட்டு நோக்கின் உச்சம் எனலாம். கரடுமுரடான நாட்டுப்புறப் பாதைகளில் ஓடத்தக்க உயரம், கமக்காரனே திருத்திக்கொள்ளக்கூடிய எளிமை, ஆண்டுதோறும் இறங்கிவந்த விலை ஆகியன அதன் பலம். தொடக்கத்தில் 850 டொலருக்கு விற்கப்பட்ட வண்டி 1920களின் நடுப்பகுதியில் 260 டொலர் அளவுக்கு வந்துவிட்டது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. 1927 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன. சிறந்த பொறியொன்றை மலிவாகக் கொடுத்தால் மக்கள் வேறெதையும் நாடார் என்ற போர்டின் நம்பிக்கை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பொய்க்கவில்லை. பிறகு ஏன் பொய்த்தது?

மக்களின் மனம் திடீரெனக் கெட்டுவிட்டது என்பது இதற்கு விடையாகாது. 1920களின் நடுப்பகுதியளவில், வாங்க வல்லவருட் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஒரு வண்டியை வைத்திருந்தனர். புதிய ‘மொடல் ரீ’க்கு உண்மையான போட்டி, அதே விலைக்குக் கிடைத்த, சற்றே பழகிய, மேலான வேறொரு வண்டி. பழுதடையாத வண்டியைச் செய்தவனுக்கு அவ்வண்டியே எதிரியாயிற்று. 1923 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தலைவரான அல்பிரட் ஸ்லோன் இந்நிலையை நன்கு புரிந்துகொண்டவர். சந்தை மாறியதற்கு நான்கு காரணிகளை அவர் 1964 இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எடுத்துக்காட்டுகிறார். தவணைமுறை விற்பனை, பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொள்ளும் வழக்கம், மூடிய உடலமைப்பு, ஆண்டுதோறும் வரும் புதிய மாதிரி என்பனவே அவை. இவற்றுள் மூடிய உடலமைப்பு முற்றிலும் பயன்பாடு சார்ந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். மழையிலும் பனியிலும் பயணஞ் செய்ய அதுவே வழிவகுத்தது. எளிய பாரமற்ற சட்டகத்தின்மீது அமைந்த ‘மொடல் ரீ’ அப்பாரத்தைத் தாங்க ஏற்றதன்று. ஆகவே போர்டின் வீழ்ச்சியைப் பயன்பாடு படிமத்திடம் அடைந்த தோல்வியாக மட்டும் சித்திரிப்பது வரலாற்றைச் சுருக்கிக் கூறுவதாகும்.

எனினும் நான்காவது காரணியே எதிர்காலத்தைத் தீர்மானித்தது. விரைவில் உலரும் வண்ணப் பூச்சு 1920களின் முற்பகுதியிற் கைத்தொழிலுக்கு வந்துசேர்ந்தது. நிறம் இனிமேற் செலவுமிக்க சொகுசன்று. 1927 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கலைக்கும் நிறத்துக்குமெனத் தனிப் பிரிவொன்றை அமைத்து, ஹொலிவூட் செல்வந்தர்களுக்கு வண்டியுடல் வடிவமைத்துவந்த ஹார்லி ஏர்ளை அதற்குப் பொறுப்பாக்கியது. செவ்ரலே முதல் கடிலாக் வரை ஏணிப்படிகள் போல் வண்டிகள் வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் அடுத்த படி கண்ணிற் பட்டுக்கொண்டேயிருக்கவேண்டும். புதிய மாதிரி பழைய மாதிரிமீது ஓரளவு அதிருப்தியைத் தோற்றுவிக்கவேண்டும் என ஸ்லோன் ஒளிவுமறைவின்றியே எழுதியுள்ளார். இந்த வெளிப்படைத் தன்மைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அவரைக் கண்டிக்க எழுந்த பலரிடம் இத்தெளிவு இல்லை. தேய்ந்துபோகாத பண்டத்தைத் தேயச் செய்யும் வழி, அதைப் பார்க்கும் கண்ணைத் தேயச் செய்வதே. படிமம் இவ்வாறு தனிமனிதரின் பலவீனமாகவன்றி, உற்பத்தியைத் தொடர்ந்து ஓடச் செய்வதற்கு இன்றியமையாத உறுப்பாகவே தோன்றியது.

இந்நிகழ்வுகளுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1899 இல், தோர்ஸ்ரின் வெப்லன் ஓய்வுடைய வர்க்கம் பற்றிய தம் நூலை வெளியிட்டிருந்தார். செல்வம் இருந்தால் மட்டும் போதாது, அது வீணாக்கப்படுவது பிறர் கண்ணிற் படவேண்டும் என்பது அவர் கருத்து. தமிழிலக்கியம் கற்றோருக்கு இது புதிய செய்தியன்று. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள், உலரும் உணவைக் கொத்த வரும் கோழிமீது பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த குழை, சிறுவர் உருட்டிவரும் மூன்று காற் சிறுதேரின் வழியை மறிக்கிறது. ஆபரணம் வாகனத்தைத் தடுக்கும் இக்காட்சியைப் புலவர் நகரின் வளத்துக்குச் சான்றாகவே பாடினார். வெப்லன் கண்டிருந்தால் தம் முதல் அத்தியாயத்திலேயே அதற்கு இடமளித்திருப்பார். ஆயினும் வெப்லனின் கோட்பாடு மேலிருந்து கீழ்நோக்கியே பார்க்கிறது. செல்வர் காட்டுவர், மற்றோர் அவரைப் பின்பற்றுவர் என்பதற்கப்பால் அது செல்வதில்லை. பின்பற்றுபவனுக்கு அப்பண்டம் வேறொரு பொருளைத் தரக்கூடும் என்ற சிந்தனைக்கு அதில் இடம் குறைவு.

விளம்பரம் ஏமாற்றுகிறது என்ற வாதத்துக்கு வலிமையான வடிவம் கொடுத்தவர் வான்ஸ் பக்கார்ட். 1957 இல் வெளிவந்த அவரது நூல், உளவியலாளரை அமர்த்தி மக்களின் அடிமன ஆசைகளைத் துருவும் நிறுவனங்களைப் பற்றிப் பேசிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. வியன்னாவிலிருந்து சென்ற ஏர்ணஸ்ற் டிக்ற்றர் என்பவர் 1939 இல் கிறைஸ்லர் நிறுவனத்துக்குச் செய்த ஆய்வு இவ்வகையிற் புகழ்பெற்றது. திறந்த கூரை வண்டியைக் கண்டு கடைக்குள் நுழையும் ஆண், இறுதியில் மூடிய குடும்ப வண்டியையே வாங்கிச் செல்கிறான் என்பது அவரது அவதானிப்பு. முன்னதைக் காதலியாகவும் பின்னதை மனைவியாகவும் அவர் விளக்கியது இன்று நகைப்புக்கிடமானது. ஆனால் அந்த அவதானிப்பு, பக்கார்டின் வாசகர் பலர் எண்ணியதற்கு எதிரான ஒன்றையே காட்டுகிறது. கனவு அவனைக் கடைவாயில்வரை இழுத்தது. வீட்டுக் கணக்கு அவன் கையொப்பத்தைத் தீர்மானித்தது.

விளம்பரத்தின் வல்லமைக்கு எல்லை உண்டு என்பதற்கு எட்சல் வண்டியின் கதையைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1950களின் நடுப்பகுதியிற் போர்ட் நிறுவனம் மத்தியதர வர்க்கத்தின் மேற்பிரிவினருக்கென ஒரு புதிய வண்டியை ஆக்க முனைந்தது. அதன் எஞ்சினைவிட அதன் ஆளுமையைப் பற்றியே கூடுதலாகச் சிந்திக்கப்பட்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வுப் பணியகத்தின் துணையுடன் இரு நகரங்களிற் பல நூறு பேரிடம், ஒவ்வொரு வண்டியும் எத்தகைய மனிதரை நினைவூட்டுகிறது என வினவப்பட்டது. பெயர் சூட்டுவதற்கு மரியன் மூர் என்ற புகழ்பெற்ற கவிஞரின் உதவிகூட நாடப்பட்டது. அவர் மிகுந்த சிரத்தையுடன் பல பெயர்களை எழுதியனுப்பினார். அவற்றுள் ஒன்று ஆமையைக் குறிக்கும் சொல்லுடன் முடிந்தது. நிறுவனத்தார் நன்றி கூறிவிட்டு, ஹென்றி போர்டின் மறைந்த மகனின் பெயரையே வைத்தனர். கவிஞரின் ஆமையும் அதைவிட வேகமாகச் சென்றிருக்கும் போலும். 1957 செப்டெம்பரிற் பெரும் ஆரவாரத்துடன் வெளியான எட்சல், 1959 நவம்பரிற் கைவிடப்பட்டது. நட்டம் 25 கோடி டொலர் அளவில் மதிப்பிடப்பட்டுள்ளது. 1958 இன் பொருளாதாரத் தளர்ச்சி, தரக் குறைபாடுகள், எள்ளலுக்குள்ளான முகப்பு வடிவம் என்று காரணங்கள் பல கூறப்படும். எவ்வாறாயினும், படிமத்தை ஆய்வுகூடத்திற் செய்து மக்கள் தலையிற் கட்டிவிடலாம் என்பது உண்மையாயின் எட்சல் வெற்றிபெற்றிருக்க வேண்டும்.

எட்சல் கைவிடப்பட்ட அதே 1959 இல், வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் சிறிய வண்டிக்காக நியூயோர்க் விளம்பர நிறுவனமொன்று வேறுவகையான விளம்பரங்களைத் தொடங்கியது. பரந்த வெறுமையான பக்கம், மூலையில் மிகச் சிறிதாக ஒரு வண்டி. அதன் சிறுமையையும் அழகின்மையையும் தானே ஒப்புக்கொள்ளும் வாசகங்கள். எரிபொருட் சிக்கனம், ஆண்டுதோறும் மாறாத உருவம், எளிய திருத்த வேலை ஆகிய பயன்பாட்டுக் குணங்களே அங்கு முன்வைக்கப்பட்டன. ஆனால் அமெரிக்காவில் அதை வாங்கியவருட் பலர் அதைச் சிக்கனத்துக்காக மட்டும் வாங்கவில்லை. வால்முளைத்த பெருவண்டிகளின் ஆரவாரத்துக்கு மயங்காதவர் எனத் தம்மைக் காட்டிக்கொள்ளவும் வாங்கினர். பல்கலைக்கழக வாகனத் தரிப்பிடங்கள் அதற்கேற்ற அரங்குகளாயின. இங்கேதான் உமி, அரிசி என்ற உவமை முறிகிறது. பயன்பாட்டை விரும்புவதே ஒரு படிமமாகிவிட்டது. ஏணியில் ஏற மறுப்பவனுக்கும் ஒரு வண்டி விற்கப்பட்டது. 1972 பெப்ரவரியில் அவ்வண்டியின் மொத்த உற்பத்தி ‘மொடல் ரீ’யின் எண்ணிக்கையைத் தாண்டியது.

படிமம் வெறும் மாயை என்ற கருத்தை மேலும் கடுமையாகச் சோதிக்கும் நிகழ்வொன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் வருமானத்துக்கு மீறிய கடிலாக் வண்டிகளை வாங்குகின்றனர் என்ற ஏளனம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவலாக இருந்தது. ஒழுக்கவாதிகளுக்கு இதைவிட வசதியான உதாரணம் வேண்டியதில்லை. 1949 செப்டெம்பரில் ‘எபனி’ சஞ்சிகை இதற்கு மறுமொழியாக ஒரு தலையங்கம் எழுதியது. வெள்ளையருக்குத் தாம் எவ்வகையிலும் தாழ்ந்தவரல்லர் என்பதற்கு அவ்வண்டி ஓர் அடையாளமாய் நிற்கிறது என்பது அதன் வாதத்தின் சாரம். அக்காலச் சூழலுடன் வைத்துப் பார்க்கும்போதே இவ்வாதத்தின் கனம் புலப்படும். வசதியுள்ள வெள்ளையர் தம் தகுதியை நல்ல சுற்றாடலில் வீடு வாங்குவதன்மூலம் காட்டினர். கறுப்பினத்தவருக்கு அத்தகைய சுற்றாடல்களின் கதவுகள் ஒப்பந்தங்களாலும் வீட்டுக்கடன் விதிகளாலும் அடைக்கப்பட்டிருந்தன. வீடு விற்பதில் இனத்தடை விதிக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1948 இலேயே வந்தது. அதன் பின்னரும் நடைமுறை நெடுங்காலம் மாறவில்லை. விடுதிகளும் உணவகங்களும் பல மாநிலங்களில் மூடப்பட்டிருந்தன. பணம் கொடுத்தால் வாங்கக்கூடிய மரியாதை என்று எஞ்சியிருந்தவற்றுள் மோட்டார் கார் தலையாயது.

அத்துடன் அது வெறும் மரியாதையாகவும் இருக்கவில்லை. தென்மாநிலங்களில் புகையிரதத்திலும் பேருந்திலும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டு, பின்னாசனத்துக்கு ஒதுக்கப்படும் அவமானத்திலிருந்து சொந்த வண்டி விடுதலை அளித்தது. கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகளையும் எரிபொருள் நிலையங்களையும் பட்டியலிட்ட ‘பசுமை நூல்’ 1936 முதல் மூன்று தசாப்தங்களாக வெளிவந்தது என்பதே நெடும்பயணத்தின் ஆபத்தைக் காட்டும். இடையில் தங்க இடம் கிடைக்காத குடும்பத்துக்கு, உணவையும் படுக்கையையும் சுமந்து செல்லத்தக்க பெரிய வண்டி, நம்பத்தகுந்த வலிய எஞ்சின் ஆகியன சொகுசுகளல்ல. நள்ளிரவில் பகைமை மிகுந்த ஊரொன்றில் வண்டி நின்றுவிடுவதன் விளைவை எந்த விலைப்பட்டியலும் குறிப்பதில்லை. 1955 டிசெம்பரில் மொண்ட்கொமரி நகரின் பேருந்துப் பகிஷ்கரிப்பு தொடங்கியபோது, அதனை 381 நாட்கள் தாங்கி நின்றவற்றுள் ஒன்று, கறுப்பின மக்கள் தமக்குள் ஒழுங்குசெய்த சுமார் 300 வண்டிகளின் சேவையாகும். அவ்வண்டிகளின் காப்புறுதிகள் இரத்துச் செய்யப்பட்டபோது இலண்டனிலிருந்து காப்புறுதி பெறவேண்டியதாயிற்று. வீண்பெருமை எனப் பழிக்கப்பட்ட அதே உடைமை அங்கே ஒரு போராட்டத்தின் கருவியாயிற்று. பயன் எது, படிமம் எது என்று இங்கே கோடு கிழிக்க முற்படுபவர் எங்கே கிழிப்பார்?

பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலன் பார்த் 1957 இல் நூலாக்கிய கட்டுரைகளுள் ஒன்று, சித்ரோயன் நிறுவனம் 1955 பாரிஸ் கண்காட்சியில் வைத்த டீ.எஸ். வண்டியைப் பற்றியது. மோட்டார் காரை இடைக்கால ஐரோப்பாவின் பேராலயங்களுக்கு ஒப்பிட்டு எழுதிய அக்கட்டுரை, பண்டங்களை இலக்கியம்போல வாசிக்கலாம் என்பதைப் பலருக்குக் கற்பித்தது. உலோகத்தின் பொருத்துகள், கண்ணாடியின் பரப்பு, அதைத் தொட்டுத் தடவும் பார்வையாளரின் கைகள் ஆகியவற்றைப் பார்த் நுணுகி நோக்குகிறார். ஆனால் அவ்வண்டியை வேறெந்த வண்டியிலிருந்தும் வேறுபடுத்திய நீர்-வாயுத் தொங்கலமைப்பைப் பற்றி அக்கட்டுரை அதிகம் பேசுவதில்லை. யுத்தத்தாற் சிதைந்திருந்த பிரெஞ்சு வீதிகளில் அதிர்வின்றிச் செல்லும் வண்டியைக் கண்டு வியந்தவர்கள், படிமத்தை மட்டும் வியந்தவர்களல்லர். குறியீட்டு வாசிப்பின் பலவீனம் இதுவே. வண்டியைக் கண்காட்சி மேடையில் நிறுத்தி வாசிக்கும்போது அது ஓடுவதை மறந்துவிட நேர்கிறது.

தேவை வயிற்றிற் பிறந்ததா கற்பனையிற் பிறந்ததா என்பது பண்டத்தின் இயல்பைப் பொறுத்தவரை வேறுபாடற்றது என்று மார்க்ஸ் 1867 இல் ‘மூலதன’த்தின் முதற் பக்கத்திலேயே கூறிவைத்தார். அவரைப் பின்பற்றுவோராகத் தம்மைக் கருதிய திறனாய்வாளர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிட்டு, உண்மைத் தேவை, பொய்த் தேவை என்ற பாகுபாட்டிலேயே தங்கிவிட்டனர். அப்பாகுபாடு கவர்ச்சியானது. ஆனால் அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி எழுந்ததும், பெரும்பாலும் வசதியுள்ளவர்கள் வசதியற்றவர்களின் ஆசைகளுக்கு மதிப்பெண் போடும் நிலையில் அது முடிகிறது. இந்தியாவின் நானோ வண்டியின் வரலாறு இதனைக் காட்டும். மழையில் ஸ்கூட்டரொன்றில் நெருங்கியமர்ந்து சென்ற ஒரு குடும்பத்தைக் கண்டதே அவ்வண்டியின் தோற்றுவாய் என்பார் ரத்தன் டாடா. 2008 ஜனவரியில் ஒரு இலட்சம் ரூபா விலையுடன் அறிவிக்கப்பட்டு, 2009 இல் விற்பனைக்கு வந்த அந்த வண்டி, பயன்பாட்டு நியாயத்தின்படி இருசக்கர வண்டிக் குடும்பங்கள் அனைத்தையும் கவர்ந்திருக்க வேண்டும். 2018 இல் அதன் உற்பத்தி ஓய்ந்தது. தொழிற்சாலை முதலில் அமையவிருந்த சிங்கூரில் எழுந்த காணிப் போராட்டம், சில வண்டிகள் தீப்பற்றிய செய்திகள் ஆகியனவும் அதைப் பாதித்தன. ஆயினும் உலகின் மிக மலிந்த வண்டி என்ற பெயரே அதற்குச் சுமையாயிற்று என்பதை ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறும் குடும்பம் நான்கு சக்கரங்களை மட்டும் வாங்குவதில்லை. ஏறிவிட்டோம் என்ற செய்தியையும் வாங்குகிறது. ஏழையின் கார் என்று ஊரறிந்த வண்டி அச்செய்தியைச் சொல்லாது. வீண்பெருமை என்று இதனைத் தள்ளிவிடுவது, தலைமுறைகளாக ஒதுங்கி நின்று வழிவிட்டவர்களை நோக்கி இன்னும் சற்று ஒதுங்கி நில்லுங்கள் என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

பயன்பாடு எனப்படுவதும் காலத்தோடும் இடத்தோடும் மாறுவதே. இதற்கு ஈழத்து வாசகர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அரும்பொருளானபோது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 போன்ற பழைய பிரித்தானிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வர். அவற்றின் எஞ்சின்களின் குறைந்த அமுக்க விகிதம் அதற்கு இடங்கொடுத்தது. நாகரிகம் இழந்தவையாகக் கருதப்பட்ட வண்டிகள் நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. எந்த வாகனப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு குணம், வேறெந்தக் குணத்தையும்விடப் பயனுள்ளதாயிற்று.

இவ்வளவும் கூறுவது படிமத்துக்கு வக்காலத்து வாங்குவதாகாது. தனிமனிதன் நிலையில் நியாயமான தெரிவு, சமூக நிலையில் கேடாக முடிவதுண்டு. இன்றைய பிரச்சினை அங்கேயே கிடக்கிறது. 1980களில் அமெரிக்கக் குடும்பங்களிடையே பரவிய சிற்றுவான், பயன்பாட்டு நோக்கிற் குறை சொல்ல முடியாத வண்டி. தாழ்ந்த தளம், வழுக்கித் திறக்கும் கதவு, மூன்று வரிசை ஆசனங்கள், சாமான்களுக்கு இடம் ஆகிய யாவும் அதில் உண்டு. 2000 ஆம் ஆண்டளவில் உச்சத்தை அடைந்த அதன் விற்பனை பின்னர் சரிந்தது. பிள்ளைகளைப் பாடசாலைக்கும் விளையாட்டிடத்துக்கும் ஏற்றியிறக்கும் தாயின் வண்டி என்ற பெயர் அதில் ஒட்டிக்கொண்டதே காரணம் என்பர். தாய்மையின் உழைப்பு போற்றப்படும் சமூகத்திலேயே அவ்வுழைப்பின் அடையாளம் இழிவாக எண்ணப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது. அதன் இடத்தை, சாமான் வண்டியின் சட்டகத்தின்மீது எழுந்த உயரமான குடும்ப வண்டிகள் பிடித்தன. மலை, பாலைவனம், பனிவெளி ஆகிய படிமங்களுடன் அவை விற்கப்பட்டன.

கீத் பிராட்ஷர் 2002 இல் வெளியிட்ட நூல் இவ்வுயர வண்டிகளின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தது. 1975 இன் எரிபொருட் சிக்கனச் சட்டம், பயணிகள் காரைவிட இலகு பார வண்டிகளுக்குத் தளர்வான தரத்தை அனுமதித்தது. கமக்காரருக்கும் கைவினைஞருக்கும் எனக் கருதப்பட்ட அச்சலுகைக்குள் நகரத்துக் குடும்ப வண்டி நுழைந்துகொண்டது. எளிய சட்டகத்தில் அமைந்த அவ்வண்டி உற்பத்தியாளருக்குப் பெரும் இலாபத்தையும் ஈட்டிக்கொடுத்தது. பிராட்ஷரின் நூல் இவற்றை விளக்கும் இடங்களிற் பலமானது. அவ்வண்டிகளை வாங்குவோர் தன்னம்பிக்கையற்றவர், தற்பெருமை மிக்கவர் என்ற நிறுவனங்களின் சந்தை ஆய்வுகளை எடுத்துக் கூறும் இடங்களில், அதுவும் ஒழுக்கவாதியின் பழைய பீடத்தில் ஏறிவிடுகிறது. உண்மையில் அச்சமும் கணக்கும் அங்கே கலந்துள்ளன. முன்னே செல்வது உயர்ந்த வண்டியாயின், பின்னே தாழ்ந்த காரில் இருப்பவருக்கு வீதி தெரியாது. மோதினால் நசுங்குவதும் தாழ்ந்த காரே. ஆகவே அயலவர் உயர்ந்த வண்டியை வாங்கியபின், தானும் அதையே வாங்குவது மூடத்தனமன்று. மிடுக்குக்காகத் தொடங்கியது பாதுகாப்புக்காகத் தொடர்கிறது. ஒவ்வொருவரின் பாதுகாப்பும் மற்றவரின் ஆபத்தாகிறது. 2018 ஏப்ரலில் போர்ட் நிறுவனம், மஸ்ராங் தவிர்ந்த ஏனைய சாதாரண கார்களின் விற்பனையை வட அமெரிக்காவிற் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. சாதாரண மக்களுக்குச் சாதாரண காரைக் கொடுத்த நிறுவனத்தின் பட்டியலில் எஞ்சவிருந்த கார், 1964 இல் இளமையின் மிடுக்கை விற்கவென, ‘பல்கன்’ என்ற எளிய குடும்ப வண்டியின் உறுப்புகளைக் கொண்டு ஆக்கப்பட்ட ஒன்று.

இப்போட்டியில் எவ்வண்டியும் இல்லாதவர் நிலை என்ன? 2009 இல் 4,100 அளவில் இருந்த அமெரிக்கப் பாதசாரிகளின் வருடாந்த வீதி மரணங்கள் 2022 இல் 7,500 ஐத் தாண்டின. வேகம், வெளிச்சமின்மை, வீதிகளின் அமைப்பு ஆகிய காரணங்கள் பலவுண்டு. ஆயினும் அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரியை மோதும்போது, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட மரணம் விளைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 45 வீதம் கூடுதலாகும். நிமிர்ந்து தடித்த அம்முகப்புக்குள் இருக்கும் எஞ்சினுக்கு அவ்வளவு உயரம் பல வேளைகளில் தேவையில்லை. வலிமையின் தோற்றத்துக்காகவே அது உயர்த்தப்படுகிறது.

கடையிற் கையொப்பமிடுபவனிடம் இதற்குத் தீர்வில்லை. அவனைத் திட்டுவதாலும் அவனுக்கு அறிவுரை கூறுவதாலும் முகப்பு ஓர் அங்குலமும் தாழப்போவதில்லை. சட்டமும் வரியும் வீதியின் பங்கீடும் தீர்மானிக்கப்படும் இடங்களிலேயே வழக்கு நடக்கவேண்டியுள்ளது. பாரிஸ் மாநகரசபை 2024 பெப்ரவரி 4 இல், பாரமிகு வண்டிகளில் வரும் வெளியூராருக்கான தரிப்பிடக் கட்டணத்தை மும்மடங்காக்கி, நகர மத்தியில் மணிக்கு 18 யூரோவாக உயர்த்துவது பற்றி மக்களின் வாக்கைக் கேட்டது. வாக்களித்தோரில் 54 வீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். அவ்வாண்டு ஒக்டோபரிற் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. வாக்குரிமை பெற்றிருந்தோரில் அன்று வாக்களிக்கச் சென்றவர்கள் 6 வீதத்துக்கும் குறைவு.